நாற்பது நிமிஷத் தண்ணீர்

ஆப்ரிகாட் பழம் உதிர்ந்து முடிகிற வரை என்று ஜிலோலாவுக்கு அவள் மாமனார் ஹோஷிம் கெடு வைத்திருந்தார். கடைசிக் கூடைப் பழத்தையும் நேற்றே பிளந்து, கொட்டை எடுத்து, கூரைமேல் காயப் போட்டாகிவிட்டது. மரத்தில் இனி இலைதான் பாக்கி.

தூர தேசத்தில், அஸ்தானாவில் கட்டட வேலை பார்க்கும் அந்த மனுஷர் போனில் அதிகம் பேசுகிறவர் இல்லை. வசந்தத்தில் சொன்னதும் ஒரே மூச்சில்தான். "மருமக ஒரு வருஷமா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தாச்சு. ஆப்ரிகாட் முடியறதுக்குள்ள அதுல ஏதாவது ஆனா சரி. ஆகலேன்னா எங்க அக்கா பார்த்து வச்சிருக்கிற பேங்க் வேலைக்குப் போகட்டும்."

அக்கா என்றால் மத்லூபா. அவர்கள் ஊரான நமங்கானில் அந்தக் குடும்பத்துக் கல்யாணம், கருமாதி எதுவும் அவளைக் கேட்காமல் நடந்ததில்லை. இன்றைக்கு அஞ்சு மணிக்கு பேங்க் படிவத்தோடு வருகிறாள். மருமகள் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி தயார்.

ஜிலோலாவுக்கு நாற்காலி வேண்டாம். அவளுக்கு வாய்க்கால் வேண்டும்.

அவள் செய்துகொண்டிருந்த வீடியோ கேம் அதுதான். துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. ஒரு தெரு, தெருவோரம் ஒரு வாய்க்கால், வரிசையாகத் தோட்டங்கள். மடைப் பலகையை விரலால் தூக்கினால் தண்ணீர் வரும். அடைத்த சருகை ஒதுக்கினால் ஓடும். தக்காளிப் பாத்தி நனையும், திராட்சைக்கொடி மெல்ல நிமிரும். இதில் ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது. ஆடுகிறவர்கள் மனசு ஆற வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

பிராகில் ஒரு சின்ன நிறுவனம் இதை வெளியிட யோசித்துக்கொண்டிருந்தது. அங்கே இருக்கும் மார்ட்டா என்ற அம்மாள் முந்தாநாள்தான் எழுதியிருந்தாள். "அழகாக இருக்கிறது. ஆனால் ஜனங்கள் இதில் உட்காருவார்களா? ஓடுகிற கடிகாரம் ஒன்று வையுங்கள், நேரம் போனால் செடி வாடட்டும். அது வேண்டாம் என்றால் எனக்கு நிரூபியுங்கள். கேம் பழக்கமே இல்லாத, உங்கள்மேல் தயவு தாட்சண்யம் பார்க்காத ஒரு ஆள், யாரும் சொல்லிக்கொடுக்காமல் இருபது நிமிஷம் சேர்ந்தாற்போல ஆடிய பதிவு வேண்டும். வெள்ளிக்கிழமை உங்கள் ஊர் நேரம் மாலை ஆறு மணிக்குள்."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

காலை ஒன்பதே முக்கால். திராட்சைப் பந்தலுக்குக் கீழே மேஜையில் டேப்லெட்டை, கேமை மூடாமலே, சார்ஜில் போட்டுவிட்டு ஜிலோலா செருப்பு மாட்டினாள். கணவன் எல்யோர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கடைக்கு வருகிற யாராவது ஒரு புண்ணியவானைப் பிடித்து ஆட வைத்துவிட வேண்டும் என்று திட்டம். அதற்கு அவள் கையில் போன் போதும்.

வாசலில் மாமியார் ஸனோபர், கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, மண்வெட்டியோடு மடைப் பக்கம் நின்றிருந்தாள். கண் மட்டும் கைக்கடிகாரத்தில்.

"அத்தே, நான் கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"போ. பத்து மணிக்கு நம்ம முறை. அடுத்த வீட்டு துர்சுனாய் முறை பத்து நாற்பதுக்கு. அவ பத்து முப்பத்தெட்டுக்கே வந்து வாசல்ல நிப்பா பாரு, என்னமோ நான் அவ தண்ணியக் குடிச்சிடப் போற மாதிரி."

"போன மாசம் அவங்க அஞ்சு நிமிஷம் முன்னாடியே தண்ணியைத் திருப்பினதுக்கு நீங்க தெருவுல வச்சுத் திட்டினீங்களே, அந்தக் கோபமா இருக்கும்."

"அஞ்சு நிமிஷம்னா சும்மாவா? அஞ்சு நிமிஷத் தண்ணி ஒரு வெள்ளரிப் பாத்தி!"

பத்து நாளைக்கு ஒரு முறை, வீட்டுக்கு நாற்பது நிமிஷம். அந்தத் தெருவில் தண்ணீர் முறை வைக்கிற மிராப் வேலை எர்காஷுக்கு; அவருக்கே சந்தேகம் வந்தால் ஸனோபரிடம் வந்துதான் மணி கேட்பார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நிமிஷம் கூடுதலாக எடுத்தவள் இல்லை, ஒரு நிமிஷம் விட்டுக்கொடுத்தவளும் இல்லை.

கடையில் எல்யோர் ஒரு பழைய ஃபிரிட்ஜின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

"யாராவது வந்தாங்களா?" என்றாள் ஜிலோலா.

"ஒரு பெரியவர் வந்தார். கேம்னதும் 'எனக்கு ஹஜ் போற வயசும்மா'ன்னுட்டுப் போயிட்டார்."

"நீங்களாவது உருப்படியா ஆடியிருக்கலாம்."

"ஆடினேனே! ஆறு நிமிஷம். அப்புறம் தூங்கிட்டேன். அமைதியா இருக்குன்னு அர்த்தம், அதையும் எழுதி அனுப்பு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பன்னிரண்டு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வந்தது மூன்று பேர். ஒருத்தர் சுட எங்கே அமுக்கணும் என்று கேட்டார். ஒரு அம்மாள் நாலு நிமிஷம் ஆடி, போன் வந்ததும் எழுந்துவிட்டாள். மூன்றாவது ஆள் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல என்ன ஜெயிக்கணும்?" என்றார். ஒன்றும் இல்லை என்றதும் போனைப் பரிதாபமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"ஜிலோ, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" எல்யோர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அந்தக் கடிகாரத்தை வச்சுடேன். சின்னதா, ஒரு ஓரத்துல."

"ஓரத்துல வச்சாலும் கண்ணு அங்கேதாங்க போகும். செடியைப் பார்க்கவே பார்க்காது."

அவன் மறுபடி ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினான். அவள் மேல் அவனுக்கு நம்பிக்கை உண்டு, அத்தை மத்லூபா மேல் பயமும் உண்டு. இரண்டும் ஒரே அளவு என்பதுதான் பிரச்சினை.

திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது.

"என் தக்காளி என்ன பாவம் பண்ணிச்சு? சொல்லு! மாசத்துல மூணே தண்ணி, அதுல ஒண்ணை முழுசா முழுங்கிட்டு நிக்கிறியே!"

துர்சுனாய்தான். பக்கத்து வீட்டுக்காரி, வாய்க்காலில் அடுத்த மடை, கடைசி மடை, அவளுடையது. அவள் குரல் சாதாரணமாகவே மூன்று வீடு கேட்கும், இன்றைக்கு மசூதி வரை போயிருக்கும். பக்கத்தில் மிராப் எர்காஷ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஜிலோலா வாசலுக்குள் காலை வைத்தாள். கால் கணுக்கால் வரை உள்ளே போனது.

முற்றம் முழுக்கத் தண்ணீர். ரைஹான் துளசிச் செடிகள் நுனி மட்டும் தெரிய நின்றன. கோழிகள் விறகுக் கட்டைமேல் ஏறி உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தன. வீட்டுச் செருப்பு ஒன்று தன் பாட்டுக்கு தந்தூர் அடுப்பைச் சுற்றி மிதந்து போனது. நடுவே ஸனோபர், தலைத்துணி கலைந்து, முகம் சிவந்து, மண்வெட்டியை ஊன்றி நின்றிருந்தாள்.

"மடை சிக்கிக்கிச்சு எர்காஷ். ஒரு கட்டை வந்து மாட்டிக்கிச்சு. பலகை இறங்கவே இல்லை."

"கட்டையா? எங்க காட்டு அந்தக் கட்டையை!" என்றாள் துர்சுனாய்.

"தண்ணியில போயிடுச்சு."

"அடேயப்பா! ரெண்டு மணி நேரம் பலகையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன கட்டை, என்னைப் பார்த்ததும் ஓடிப் போயிடுச்சா?"

"பத்து நாற்பதுக்கே நீ வந்து நிப்பியே, இன்னைக்கு எங்க போனே?"

"எங்க அக்கா பொண்ணு குழந்தையைத் தொட்டில்ல போடற விசேஷம்! பன்னிரண்டு மணிக்கு வந்து பார்க்கறேன், என் பக்கம் வாய்க்கால்ல தவளை காய்ஞ்சு கிடக்கு! ஸனோபர்னா கடிகாரம்னு நம்பித்தானே போனேன்!"

அந்தக் கடைசி வார்த்தை ஸனோபரின் முகத்தில் போய் விழுந்ததை ஜிலோலா பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் மாமியார் பதில் சொல்லாத முதல் சண்டை இதுவாகத்தான் இருக்கும்.

எர்காஷ் தொண்டையைச் செருமினார். "இப்ப கத்தி என்ன ஆகப்போகுது. அடுத்தவங்க முறையை எடுத்தா தெரு கேட்கத்தான் செய்யும் அக்கா. மடை சிக்கினா அது மடையோட தப்பு, மறந்திருந்தா ஆளோட தப்பு. நான் அஞ்சேகாலுக்கு வரேன். வந்து மடையைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அவர்கள் போனதும் ஸனோபர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகால் வெட்டப் போனாள். மருமகளின் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

ஜிலோலா மேஜைப் பக்கம் போனாள். நல்லவேளை, மேஜை உயரம், டேப்லெட் நனையவில்லை. எடுத்தாள். கதகதவென்று சூடாக இருந்தது. சார்ஜ் வயர் கழன்று தொங்கியது. பேட்டரி ஒன்பது சதவீதம்.

பக்கத்தில் ஒரு கிண்ணம் தேநீர், ஒரு வாய்கூடக் குடிக்காமல், ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது.

திறந்திருக்கும் கேமின் பக்கத்தில் ஆள் அரவம் கேட்டாலே, ஆடுகிறவரின் முகத்தையும் குரலையும் டேப்லெட் பதிவு செய்யும்படி அவள்தான் வைத்திருந்தாள். பதிவுகளைத் திறந்தாள். இன்றைய தேதியில் ஒன்றே ஒன்று. ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம்.

வராந்தாவின் மூலைக்குப் போய் ஒலியைக் குறைத்து ஓட விட்டாள்.

முதலில் பந்தலும் ஆகாயமும் மட்டும். பிறகு ஸனோபரின் குரல். "எங்கேயோ தண்ணி ஒழுகுதே..." அப்புறம் திரை முழுக்க அவள் முகம், கிட்டத்தில், புருவம் சுருங்கி. கேமில் ஓடும் தண்ணீர்ச் சத்தத்தை ஜிலோலா இதே வீட்டு மடையில்தான் பதிவு செய்திருந்தாள். மாமியார் காதுக்கு அது தெரியாமல் இருக்குமா?

"அடடே. இதுக்குள்ளேர்ந்தா சத்தம்?"

சத்தத்தை நிறுத்தத்தான் விரலை வைத்தாள். சருகு ஒன்று விலகியது. தண்ணீர் ஒரு சாண் நகர்ந்தது.

"அட!"

இன்னொரு சருகு. இன்னொரு சாண்.

நாலாவது நிமிஷத்தில் நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்தாள். ஏழாவது நிமிஷத்தில், எப்போதும் காதுவரை ஏறியிருக்கும் அவள் தோள் இரண்டும் இறங்கின. அதற்குள் கேமில் தெரு இரண்டாகப் பிரிந்தது, இரண்டு மடை, ஒன்றைத் தூக்கினால் மற்றதில் வேகம் குறையும். கை பழகிவிட்டது என்று தோன்றுகிற நேரத்தில் ஒரு சின்ன மேடு, அதுவும் பழகியதும் ஒரு வளைவு. ரொம்பச் சுலபம் என்றால் சலிப்பு வரும், ரொம்பக் கஷ்டம் என்றால் கோபம் வரும், அந்த இரண்டுக்கும் நடுவில் ஆளை நடத்திக்கொண்டே போக வேண்டும் என்று ஜிலோலா ராத்திரி பகலாக உட்கார்ந்து சரிசெய்த இடங்கள் இவை. ஒவ்வொன்றிலும் மாமியார் வழுக்கிக்கொண்டு போனாள். இடையில் ஒரு தடவைகூட எங்கே அமுக்க வேண்டும் என்று தேடவில்லை.

இருபதாவது நிமிஷத்தில் பேச ஆரம்பித்தாள். தண்ணீரோடு.

"வா, வா. அந்தப் பக்கம் போகாதே, அங்க வெங்காயம், அழுகிடும். இப்படி வா கண்ணு. ஆங்... குடி. நல்லாக் குடி."

நாற்பதாவது நிமிஷம் வந்தது, போனது. பின்னால் கோழி கத்தியது, காலடியில் நிஜத் தண்ணீர் சலசலத்தது. வலது கையில் கடிகாரம் கட்டிய மணிக்கட்டு படத்தில் பளிச்சென்று தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. எழுபதாவது நிமிஷத்தில் கோபம்கூட வந்தது. "யாரு கட்டினது இந்த வாய்க்கால்? இந்தச் சரிவுல தண்ணி எப்படி ஏறும்? மேட்டுக்கு முன்னாடி கொஞ்சம் தேக்கணும், அப்பத்தான் ஏறும். படிச்ச பிள்ளைங்க..."

ஜிலோலா வாயைப் பொத்திக்கொண்டாள். அது உண்மையான பிழை. ஆறு மாதமாக அவள் கண்ணில் படாதது.

அப்புறம் மாமியார் பாட ஆரம்பித்தாள். வார்த்தை இல்லாமல், மூக்காலேயே ஏதோ ஒரு மெட்டு. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் ஸனோபர் பாடி ஜிலோலா கேட்டதில்லை. முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. பார்க்கப் பார்க்க மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் நினைத்தது நடக்கிறது, நான் பைத்தியக்காரி இல்லை என்று மனசு குதித்தது.

மார்ட்டாவின் கடிதம் ஞாபகம் வந்தது. கேம் பழக்கம் இல்லாத ஆள். தயவு தாட்சண்யம் பார்க்காத ஆள். மாமியாரை விடப் பொருத்தமாக உலகத்தில் யார் கிடைப்பார்கள்!

"அதை அழிச்சிடு."

திடுக்கிட்டுத் திரும்பினாள். பின்னால் ஸனோபர், முழங்கால் வரை சேறு.

"அத்தே..."

"அழிச்சிடுன்னேன். உள்ள காமிரா இருக்குன்னு எனக்கென்ன தெரியும்? கட்டைன்னு சொல்லிட்டேன், ஊரே கேட்டாச்சு. இது வெளிய வந்தா? அஞ்சு நிமிஷத்துக்கு அவளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டவ நான். இப்ப அவ முறைத் தண்ணி முழுசையும் எடுத்துக்கிட்டு ரெண்டு மணி நேரம் விளையாடிக்கிட்டு இருந்தேன்னு தெரிஞ்சா, நான் இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து ரொட்டி வாங்கப் போக முடியுமா?"

"அத்தே, ஆறு மணிக்குள்ள இதை அனுப்பினா என் கேம் பிழைச்சிடும். இருபது நிமிஷம்தான் கேட்டாங்க. நீங்க ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம்..."

"நேரத்தைச் சொல்லாதே!" என்றாள் ஸனோபர். சொன்ன வேகத்தில் குரல் உடைந்தது. "நேரத்தை மட்டும் சொல்லாதே. வயசு அம்பத்திநாலு. எனக்கே வெட்கமா இருக்கு."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஜிலோலாவுக்கு வாதம் செய்ய மனசு வரவில்லை.

"நீங்க சொல்லாம நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன். அது மட்டும் சத்தியம்," என்றாள்.

அழிப்பதாக அவள் சொல்லவில்லை. ஸனோபரும் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு பேரும் வாளியை எடுத்துக்கொண்டு முற்றத்தை இறைக்கப் போனார்கள்.

அஞ்சு மணி என்றால் அஞ்சு மணிக்கு மத்லூபா வந்துவிட்டாள். தங்கப்பல் தெரியச் சிரித்து, செருப்பைக் கழற்றப் போனவள், சேற்றைப் பார்த்துக் கழற்றாமலே பந்தலுக்கு வந்தாள். பின்னாலேயே எல்யோர், அத்தையின் பையைத் தூக்கிக்கொண்டு, முகத்தில் சவக்களை.

"என்ன ஸனோபர், வீட்டுக்குள்ள நாரின் ஆற்றைக் கொண்டுவந்துட்டியா?"

"உட்காருங்க அண்ணி. மடையில கொஞ்சம் சிக்கல்."

மத்லூபா உட்கார்ந்தாள். ஸனோபர் தேநீர் ஊற்றினாள், முறைப்படி கிண்ணத்தில் பாதிக்கும் கீழே. கிண்ணம் காலியாக ஆக எழுந்து எழுந்து ஊற்ற வேண்டும், அதுதான் அந்த ஊரில் விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதை.

மத்லூபா பையிலிருந்து படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்தாள். பேச்சைத் தொடங்குவதற்குள் வாசலில் துர்சுனாயும் எர்காஷும் வந்து நின்றுவிட்டார்கள்.

"மடையைப் பார்த்தேன் அக்கா," என்றார் எர்காஷ், தரையைப் பார்த்துக்கொண்டு. "பலகை வெண்ணெய் மாதிரி இறங்குது. கட்டை உரசின தடம்கூட இல்லை."

மத்லூபா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்குக் கணக்குப் போட அதிக நேரம் ஆகாது. பார்வை மேஜைமேல் இருந்த டேப்லெட்டில் போய் நின்றது.

"அப்படிச் சொல்லு! எனக்கு இப்பப் புரியுது. இந்தப் பொண்ணு மடையைத் திறந்துட்டு இந்தப் பொட்டி முன்னாடி உட்கார்ந்திருப்பா. உலகமே மறந்திருக்கும். பாவம், மாமியார் மருமகளைக் காட்டிக்கொடுக்காம கட்டை மேல பழியைப் போட்டிருக்கா. சரிதானே ஸனோபர்?"

ஸனோபர் கெண்டியை மேஜைமேல் வைத்து, தலைத்துணி நுனியைத் திருகினாள்.

ஜிலோலா மாமியாரைப் பார்த்தாள். காலையில் பாடிய அந்த முகம்தான் மனசில் இருந்தது.

"ஆமா பெரியத்தே," என்றாள். "நான்தான் மறந்துட்டேன். துர்சுனாய் அக்கா, மன்னிச்சிடுங்க."

எல்யோர் சட்டென்று நிமிர்ந்தான். பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்பது அவனுக்கல்லவா தெரியும்! ஜிலோலா கண்ணாலேயே அவனை அடக்கினாள்.

"பார்த்தியா!" மத்லூபா மேஜையைத் தட்டினாள். "இதுக்குத்தான் சொன்னேன். குடும்பப் பொண்ணுக்கு ஒரு ஒழுங்கு வேணும். ஒன்பது மணிக்குப் போனோமா, ஆறு மணிக்கு வந்தோமான்னு இருக்கணும். கையெழுத்துப் போடும்மா, நல்ல நேரத்துல போடு."

ஜிலோலா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள்.

"வை அதை."

சொன்னது ஸனோபர்.

"எர்காஷ், எழுதிக்க. மறந்தது நான். கட்டையும் இல்லை, மருமகளும் இல்லை. அவ காலையில வீட்டுலயே இல்லை. இந்தப் பொட்டியைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தது நான்தான்."

துர்சுனாயின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. "நீயா?"

"நானேதான். சிரிக்கறதுன்னா சிரிச்சுக்க, உனக்கு இன்னைக்கு உரிமை இருக்கு. அடுத்த முறை என் நாற்பது நிமிஷமும் உனக்கு. அன்னைக்கு உன்னை அஞ்சு நிமிஷத்துக்காகப் பேசினதுக்கும் சேர்த்து."

"ஏன் ஸனோபர்..." துர்சுனாய்க்குக் கோபப்படுவதா, ஆச்சரியப்படுவதா என்று தெரியவில்லை. "அப்படி என்னதான் இருக்கு அதுக்குள்ள?"

"தண்ணி."

"தண்ணியா? வாசல்ல நிஜத் தண்ணி ஓடுறப்ப, உள்ள பொம்மைத் தண்ணியா?"

"ஆமாடி!" ஸனோபருக்குக் குரல் ஏறியது. "பத்தொன்பது வருஷமா மடை திறக்கறேன். ஒரு நாளாவது தண்ணியைப் பார்த்திருக்கேனா? கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கேன். எப்ப முடியுமோ, எவ வந்து நிப்பாளோன்னு. அந்த முள்ளு ஓடுறதுதான் எனக்குத் தெரியும். இதுக்குள்ள கடிகாரமே இல்லை துர்சுனாய். தண்ணி அதும்பாட்டுக்குப் போகுது, நானும் கூடவே போனேன். தக்காளி குடிக்கிறது தெரியுது. எனக்கு எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமா? கீழ வைக்கவே மனசு வரலை."

எர்காஷ் மெல்ல மேஜைப் பக்கம் வந்து டேப்லெட்டை எட்டிப் பார்த்தார். தொழில் ஆர்வம்.

"நல்லாத்தான் இருக்கு பேச்சு," என்றாள் மத்லூபா. அவளுக்கு இந்தத் திருப்பம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "மாமியாரையே மயக்கிப் போட்டிருக்கு, அப்ப இன்னும் ஆபத்துதான். ஹோஷிம் வச்ச கெடு முடிஞ்சாச்சு. ஆம்பளை சொன்ன சொல்லு. ஜிலோலா, நீ பேனாவை எடு."

எல்யோர் ஒரு அடி முன்னால் வந்தான். "அத்தே, அவளுக்கு இஷ்டமில்லைன்னா..." என்று ஆரம்பித்து, அத்தையின் கண்ணைப் பார்த்ததும் நின்றான். ஆனால் வைத்த அடியைப் பின்னால் எடுக்கவில்லை. ஜிலோலா அதைக் கவனித்துக்கொண்டாள்.

ஸனோபர் தேநீர்க் கெண்டியை எடுத்தாள். மத்லூபாவின் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து ஊற்றினாள். கால் கிண்ணம். அரைக் கிண்ணம். நிறுத்தவில்லை. முக்கால். துர்சுனாய் மூச்சை உள்ளே இழுத்தாள். ஸனோபர் நிதானமாக, ஒரு சொட்டு சிந்தாமல், விளிம்பு தொடும் வரை ஊற்றி, இரண்டு கையாலும் எடுத்து நாத்தனார் முன்னால் வைத்தாள்.

அந்த ஊரில் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தால் ஒரே அர்த்தம்தான். குடித்துவிட்டுக் கிளம்பு.

முப்பது வருஷத்தில் மத்லூபாவுக்கு எவரும் அப்படி ஊற்றியதில்லை. அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், ஸனோபரைப் பார்த்தாள்.

"கை தவறிடுச்சா?"

"இல்லை அண்ணி. அளந்துதான் ஊத்தினேன்."

மத்லூபா எழுந்தாள். தேநீரைத் தொடவில்லை. படிவத்தை மட்டும் மேஜையிலேயே விட்டுவிட்டு, "இதுக்கு என் தம்பி பதில் சொல்லுவான்," என்று சொல்லிக்கொண்டே, சேற்றில் சளக் சளக்கென்று நடந்து போனாள். எர்காஷும் துர்சுனாயும் வழிவிட்டு நின்றார்கள். அவர்கள் போகிறபோது துர்சுனாய் வாசலில் திரும்பி, "நாளைக்கு அந்தப் பொட்டியைக் கொஞ்சம் காட்டு, பார்க்கறேன்," என்றாள், யாரையும் பார்க்காமல்.

மணி அஞ்சே முக்கால்.

ஸனோபர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இன்னும் என்ன பார்த்துக்கிட்டு நிக்கறே? அனுப்பு."

"அத்தே, அதுல உங்க முகம் இருக்கு. நீங்க பேசினது, பாடினது எல்லாமே..."

"பாடினேனா?" ஸனோபர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "யா அல்லா! தலைத்துணியாவது ஒழுங்கா இருந்துச்சா?"

"ரொம்ப அழகா இருந்தீங்க அத்தே." ஜிலோலா குனிந்து, சேறும் தண்ணீருமாக இருந்த மாமியாரைக் கட்டிக்கொண்டாள்.

"சரி சரி, விடு. நேரமாகுது பாரு."

எல்யோர் சார்ஜ் வயரைக் கொண்டுவந்து செருகினான். ஜிலோலா பதிவை இணைத்தாள், மார்ட்டாவுக்கு இரண்டே வரி எழுதினாள். 'கேம் பழக்கம் இல்லாதவர். இவர் என் மாமியார். கடிகாரம் வைக்க மாட்டேன்.' பதிவு போவதைக் காட்டும் நீலக்கோடு மெல்ல மெல்ல நகர்ந்து, அஞ்சு ஐம்பத்தேழுக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது எல்யோர்தான். கோழிகள்கூட விறகுக் கட்டையிலிருந்து இறங்கிவிட்டன.

அந்த நேரத்தில் ஸனோபரின் போன் மேஜைமேல் அதிர்ந்தது. திரையில் பெயர்: ஹோஷிம்.

மத்லூபா வீடுகூடப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள். அதற்குள் சொல்லியாகிவிட்டது.

"நான் எடுக்கட்டுமாம்மா?" என்றான் எல்யோர், குரல் இறங்கி. "நான் சொல்லிக்கறேன்."

"நீயா?" ஸனோபர் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "எனக்கு அவசரமே இல்லை."